ஆரஞ்சுக்கு முன்னே ஒரு ‘ந’

போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்து இந்த நிறத்துக்குப் பேர் வச்சாங்களா, நிறத்தைப் பார்த்துப் பழத்துக்குப் பேர் வச்சாங்களா?” என்று கேட்டாளாம். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு எழுதிவிட்டார்.

பதில் ஒரே வரிதான். பழம் முதலில் வந்தது, நிறம் பின்னால் வந்தது. ஆங்கிலத்தில் பழத்தின் பெயர் 1400ஆம் ஆண்டை ஒட்டியே எழுத்தில் வந்துவிட்டது. அதே பெயரை நிறத்துக்கும் சொல்லத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்கள் அந்த நிறத்தை எப்படிச் சொன்னார்கள்? பழைய ஆங்கிலத்தில் ‘மஞ்சள்சிவப்பு’ என்று பொருள் தரும் ஒரு கூட்டுச்சொல் இருந்தது. நாம் செம்மஞ்சள் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் ஒரு நரியின் நிறத்தைச் சொல்ல வேண்டி வந்தபோது, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம் என்று எழுதினார். அவர் கையில் வேறு சொல் இல்லை. ஐரோப்பியத் தோட்டங்களில் திரியும் ராபின் பறவையின் மார்பு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு இன்றுவரை ‘செம்மார்பு ராபின்’ என்றுதான் பெயர். பறவைக்குப் பெயர் வைத்த காலத்தில் ஆரஞ்சு என்ற நிறப்பெயர் பிறக்கவே இல்லை.

சரி, சிறுமியின் கேள்வி முடிந்தது. ஆனால் பதிலைத் தேடிப் போன வழியில் இன்னொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தப் பழத்தின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ந’ இருந்தது. அது தொலைந்து போயிருக்கிறது. எப்படித் தொலைந்தது என்பதில்தான் நம் காதும் மூளையும் வேலை செய்யும் விதம் ஒளிந்திருக்கிறது.

முதலில் பயணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பகுதி என்று 2018இல் வெளியான ஒரு மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. நாம் ஆரஞ்சு என்று சொல்வது பம்ப்ளிமாஸ் இனமும் மாண்டரின் இனமும் கலந்து பிறந்த கலப்பினம். வடமொழியில் இதற்கு நாரங்கம் என்று பெயர். பாரசீகத்தில் நாரங். அங்கிருந்து அரபிக்குப் போனபோது நாரஞ்ஜ் ஆனது. செம்மையான அரபியில் ‘கங்கை’ என்ற சொல்லின் முதல் ஒலி கிடையாது. அந்த ஒலியோடு வரும் பாரசீகச் சொற்களுக்கு அரபிகள் பொதுவாக ‘ஜ’ போட்டுக்கொள்வார்கள். ரத்தினத்துக்குப் பாரசீகத்தில் உள்ள கௌஹர், அரபியில் ஜவ்ஹர் ஆனதும் இப்படித்தான். அரபிகள் இந்த மரத்தைச் சிசிலித் தீவுக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோனார்கள். அப்போது போனது இனிப்புப் பழம் இல்லை, புளிப்பும் கசப்புமான வகை.

ஸ்பானிய மொழியில் இன்றும் அது நரான்ஹா. ஹங்கேரியில் நரான்ச். வெனிஸ் நகரத்துப் பேச்சுமொழியில்கூட ‘ந’ பத்திரமாக இருக்கிறது. ஆனால் பொது இத்தாலிய மொழியில் அரான்சியா. பிரெஞ்சில் ஒராஞ்ஜ். ஆங்கிலத்தில் ஆரஞ்ச். நம் கைக்கு வந்தபோது ஆரஞ்சு. நடுவழியில் ‘ந’ எங்கே போனது?

இதற்கு இணையத்தில் ஒரு பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மெய்யொலிக்கு முன்னால் ‘அ’, உயிரொலிக்கு முன்னால் ‘அன்’. நாம் ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதுகிறோமே, அதே கணக்கு. ஆங்கிலேயர்கள் ‘அ நாரஞ்ச்’ என்று சொன்னதைக் கேட்டவர்கள் ‘அன் ஆரஞ்ச்’ என்று தப்பாகப் பிரித்துக்கொண்டார்கள், ‘ந’ பழத்தை விட்டு முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது என்பது கதை. கதையின் சாரம் சரி. ஊர்தான் தப்பு. இந்தச் சொல் இங்கிலாந்துக் கரைக்கு வந்தபோதே ‘ந’ இல்லாமல்தான் வந்தது. தப்பாகப் பிரித்தது இத்தாலியிலும் பிரான்சிலும். அங்கே ‘ஒரு’ என்பதற்கு உனா, உன் என்று ‘ன’ ஒலி உள்ள சொற்கள்தான் இருக்கின்றன. ‘உனா நரான்சியா’ என்பதும் ‘உன் அரான்சியா’ என்பதும் வேகமாகப் பேசினால் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னொரு தூண்டுதலும் இருந்தது என்று சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘ஒர்’ என்றால் தங்கம். பழமோ தங்க நிறம். முதல் எழுத்து ‘அ’வாக இல்லாமல் ‘ஒ’வாக மாறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தமிழில் எழுதிக் காட்டும்போது ந, ன என்று இரண்டு எழுத்து வருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இன்றைய பேச்சில் நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே ஒலிதான்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘தப்பாகப் பிரித்தார்கள்’ என்று சொன்னதும், யாரோ கவனமில்லாமல் கேட்டுவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதாகவும், காது கொடுத்துக் கேட்டால் அது கேட்கும் என்றும் நாம் நம்புகிறோம். எழுதும்போது இடம் விட்டு எழுதிப் பழகியதால் வந்த நம்பிக்கை இது. பேச்சில் அந்த இடைவெளி இல்லவே இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். என் அக்கா மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தேன். மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, “அக்கா நேத்து மாங்கா வாங்குனா” என்று சாதாரணமாகப் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். திரையில் ஒலி ஒரு நீளமான கம்பளிப்பூச்சி மாதிரி ஓடியது. நடுவில் அங்கங்கே கோடு தட்டையாகிறது, அதாவது நிசப்தம். “இந்த இடத்துலதான் வார்த்தை முடியுது” என்று அவள் விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்திலிருந்து ஒலிக்கவிட்டோம். “...கா நேத்து” என்று கேட்டது. அவள் காட்டிய நிசப்தம் ‘அக்கா’வின் ‘க்’. இன்னொரு தட்டையான இடத்தைத் தொட்டோம். அது ‘நேத்து’வின் ‘த்’. நான்கு சொற்கள், அவற்றுக்கு நடுவே மூன்று எல்லைகள். ஆனால் தெளிவாகத் தெரிந்த நிசப்தம் இரண்டு. இரண்டும் சொல்லுக்கு உள்ளே இருந்தன. சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் இடங்களில் ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. க், ச், ட், த், ப், ற் போன்ற வல்லின மெய்கள் இரட்டிக்கும்போது வாய்க்குள் காற்றை அடைத்துப் பிடிக்கிறோம். அந்த நேரத்தில் வெளியே ஒலி வராது. ‘அக்கா’வின் ‘க்’ என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளும் மௌனம். அந்த மௌனத்தைத்தான் நாம் ஓர் எழுத்தாகக் கேட்கிறோம்! இதைப் பள்ளியில் இலக்கணம் சொல்லித்தரும்போதே திரையில் போட்டுக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

அப்படியென்றால் சொல் எங்கே முடிகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? நமக்குச் சொற்கள் ஏற்கெனவே தெரியும், அதனால் பிரித்துவிடுகிறோம். ஒரு சொல்லும் தெரியாத கைக்குழந்தை என்ன செய்யும்? அதற்கு யாரும் ‘இது ஒரு சொல், இது இன்னொரு சொல்’ என்று தனித்தனியாக எடுத்துக் கொடுப்பதில்லை. கொஞ்சுகிற வாக்கியங்கள்கூட ஒரே ஓட்டமாகத்தான் அதன் காதில் விழுகின்றன.

1996இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான் படித்த சோதனைகளிலேயே மனதுக்கு மிகவும் நெருக்கமானது இது. பிடாகு, படோட்டி, கோலாபு, டுபிரோ என்கிற மாதிரி, எந்த மொழியிலும் பொருள் இல்லாத மூன்றெழுத்துச் சொற்கள் நான்கை உருவாக்கினார்கள். கணினிக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், நடுவில் மூச்சுகூட விடாமல், இந்த நான்கையும் கலந்து கலந்து ஓடவிட்டார்கள். பிடாகுபடோட்டிகோலாபுபிடாகுடுபிரோபடோட்டி என்று இரண்டு நிமிடம். அவ்வளவுதான் பாடம்.

இந்த ஓட்டத்தில் எல்லையைக் காட்டும் துப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ‘கோ’வுக்குப் பிறகு எப்போதும் ‘லா’தான் வரும். ‘லா’வுக்குப் பிறகு எப்போதும் ‘பு’. ஆனால் ‘பு’வுக்குப் பிறகு வேறு மூன்று சொற்களில் எது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆக, சொல்லுக்குள் அடுத்த ஒலி நூற்றுக்கு நூறு நிச்சயம். சொல்லின் கடைசியில் மட்டும் மூன்றில் ஒன்று. நிச்சயம் குறைகிற இடமே எல்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் குழந்தைகளுக்கு ‘பிடாகு’ போன்ற முழுச் சொற்களையும், ஒரு சொல்லின் வாலையும் அடுத்த சொல்லின் தலையையும் ஒட்டிய துண்டுகளையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். எதை எவ்வளவு நேரம் கவனிக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஒட்டுத் துண்டுகளைக் குழந்தைகள் அதிக நேரம் கவனித்தார்கள். அவை அவர்களுக்குப் புதிதாக இருந்தன. அப்படியென்றால் முழுச் சொற்கள் அவர்களுக்குப் பழகிவிட்டன என்று அர்த்தம். பல்கூட முழுதாக முளைக்காத குழந்தை, இரண்டே நிமிடத்தில், எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி எத்தனை முறை வந்தது என்று கணக்குப் போட்டு எல்லை கண்டுபிடித்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, தூளியில் படுத்து நம் பேச்சை உற்றுக் கேட்கும் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்ப்போம். குட்டிப்பாப்பா, குட்டித்தம்பி, குட்டிநாய், குட்டிமூக்கு. ‘குட்’ என்று கேட்டால் அடுத்து ‘டி’ வருவது கிட்டத்தட்ட உறுதி. ‘டி’க்குப் பிறகு ஆயிரம் வரும். எனவே ‘குட்டி’ தனியாக உதிர்ந்து விழுகிறது. பாப்பா எத்தனை இடங்களில் எதெதற்குப் பின்னால் வந்தாலும் ‘பாப்பா’வாகவே வருகிறது. அதுவும் தனியாகிவிடுகிறது.

இப்போது ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகலாம். கணக்குப் போடும் இந்தக் காதுக்கு ‘அ’, ‘அன்’ என்ற இரட்டை வடிவம் ஒரு பெரிய சிக்கல். ‘அநாடர்’ என்று ஓர் ஓட்டம் காதில் விழுகிறது. ‘அ’வுக்குப் பின் ‘நாடர்’ என்றும் பிரிக்கலாம், ‘அன்’னுக்குப் பின் ‘ஆடர்’ என்றும் பிரிக்கலாம். மொழியின் இலக்கணம் இரண்டையும் சம்மதிக்கிறது. கேட்பவர் எப்படிப் பிரித்தாலும் தப்பில்லை. ‘நாடர்’ என்பது பழைய ஆங்கிலத்தில் பாம்பு. இன்று அது ‘ஆடர்’, விரியன் பாம்பு. பக்கத்து ஜெர்மன் மொழியில் இன்றும் ‘நாட்டர்’ என்று ‘ந’வோடு இருக்கிறது.

ஓட்டல் சமையல்காரர் இடுப்பில் கட்டும் ஏப்ரனும் இப்படித்தான். முதலில் அது நாப்பரன், பிரெஞ்சில் சின்ன மேசைத்துணி. கை துடைக்கும் நாப்கின் அதன் சொந்தக்காரர், ‘ந’வைக் காப்பாற்றிக்கொண்டவர். இரண்டுக்கும் மூலம் மாப்பா என்ற லத்தீன் சொல், துணி என்று பொருள். துணியில் உலகத்தை வரைந்தபோது அதுவே மேப் ஆனது. ஏப்ரன், நாப்கின், மேப் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்துகொண்ட அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அம்பயர். கிரிக்கெட் மைதானத்தில் விரலைத் தூக்கும் அதே அம்பயர்தான். பழைய பிரெஞ்சில் நான்பெர். ‘நான்’ என்றால் அல்லாத, ‘பெர்’ என்றால் இணை. இணை அல்லாதவர். இரண்டு தரப்பு மோதும்போது எந்தத் தரப்புக்கும் ஜோடியாகாமல் ஒற்றையாக நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள். ஆங்கிலத்தில் முதலில் நூம்பேர் என்று வந்தார். ‘அ நூம்பேர்’ என்பது ‘அன் ஊம்பேர்’ ஆகி, அம்பயராக நின்றுவிட்டார்.

எதிர்த்திசையிலும் நடக்கும். பட்டப்பெயரை ஆங்கிலத்தில் நிக்நேம் என்கிறோம். அதன் முன்பகுதி ‘ஏக்’, கூடுதல் என்று பொருள். கூடுதல் பெயர் என்பதுதான் சொல். ‘அன் ஏக்நேம்’ என்பதில் ‘ன’ இந்தப் பக்கம் தாவி ‘அ நேக்நேம்’ ஆனது. ‘என்னுடைய’ என்பதற்கும் அந்தக் காலத்தில் மை, மைன் என்று இதே போல இரட்டை வடிவம். ‘மைன் எட்’, ‘மைன் எல்லன்’ என்று செல்லமாக அழைத்ததிலிருந்துதான் நெட், நெல் என்ற பெயர்கள் கிளம்பின. எட்வர்டு நெட் ஆனதற்கு எட்வர்டின் பெயரில் எந்த ‘ந’வும் காரணமில்லை.

அப்படியானால் எல்லாச் சொல்லும் இப்படி ஆகியிருக்க வேண்டுமே? இரவைக் குறிக்கும் நைட்டும் பெயரைக் குறிக்கும் நேமும் ஏன் தப்பித்தன? அவை தினமும் நூறு விதமான இடங்களில் வருகிற சொற்கள். அந்த இரவு, இரவுகள், நல்ல இரவு என்று ‘அ’, ‘அன்’ இல்லாத இடங்களில் கேட்டுக் கேட்டே குழந்தைக்கு ‘ந’ உறுதியாகிவிடும். பாம்பும் நடுவரும் மேசைத்துணியும் எப்போதாவது வருகிற சொற்கள். வரும்போதும் பெரும்பாலும் ‘ஒரு பாம்பு’, ‘ஒரு நடுவர்’ என்றுதான் வரும். சரிபார்க்க வேறு சாட்சி குறைவு. இது என் ஊகம்தான், ஆனால் குழந்தைகள் போடும் கணக்கோடு பொருந்துகிறது.

அரபியில் இதே விளையாட்டு வேறு விதமாக நடந்தது. அங்கே ‘அல்’ என்பது சொல்லுக்கு முன்னால் வரும் ஒட்டு. கிரேக்க மன்னன் அலெக்ஸாண்டரின் பெயர் அங்கே போனதும் முதல் ‘அல்’லை ஒட்டு என்று நினைத்துக் கழற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இஸ்கந்தர், நம் ஊரில் சிக்கந்தர். ஸ்பெயினிலோ ‘எல் லகார்தோ’ என்றால் அந்தப் பல்லி. இங்கிலாந்து மாலுமிகள் ‘எல்’லையும் சேர்த்து விழுங்கி அலிகேட்டர் ஆக்கிவிட்டார்கள்.

தமிழில் இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். நமக்கும் ஒரு, ஓர் உண்டே. ‘ஓர் ஊர்’ என்பதைக் குழந்தை ‘ஓ ரூர்’ என்று பிரித்து, நாளடைவில் ஊர் ‘ரூர்’ ஆகியிருக்கலாமே? ஆகவில்லை. தொல்காப்பியம் எந்தெந்த எழுத்துச் சொல்லுக்கு முதலில் வரும் என்று பட்டியல் போடுகிறது. அதில் ‘ர’ கிடையாது. ராமனை இராமன் என்று எழுதச் சொல்வது அதனால்தான். தமிழ்க் காதுக்கு ‘ர’ என்பது சொல் தொடங்கும் ஒலி இல்லை, எனவே ‘ரூர்’ என்ற பிரிப்பு எடுபடாது. எந்த ஒலி சொல்லின் தலையில் நிற்கும், எது நிற்காது என்ற பழக்கமும் எல்லை கண்டுபிடிக்க ஒரு துப்பு. கைக்குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இதையும் பிடித்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த மொழிமுதல் எழுத்துப் பட்டியல், பேச்சு ஓட்டத்துக்குள் சொல்லைத் தேடும் காதுக்கு ஒரு வழிகாட்டி என்பதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் நான் ஆசையோடு படித்திருப்பேன்.

‘ந’ மட்டும் தமிழில் சொல்லின் தலையில் தாராளமாக நிற்கும். அங்கே குழந்தைகள் வழுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அதே அக்கா மகள், இரண்டு வயதில் பிஸ்கட் டப்பாவைக் காட்டி “நொண்ணு, நொண்ணு” என்பாள். “இன்னொண்ணு வேணுமா?” என்று வீட்டில் எல்லோரும் கேட்பதை அவள் ‘இந்த’, ‘இங்க’ மாதிரி ஒரு ‘இ’யும் பின்னால் ஒரு ‘நொண்ணு’வுமாக வெட்டியிருக்கிறாள். நூம்பேரை அம்பயர் ஆக்கிய அதே கத்தி.

நன்னூல் இதைப் பொதுமொழி என்று பெயர் வைத்துப் பேசுகிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு பொருள், பிரித்துப் பார்த்தால் வேறு பொருள். பலகை என்றால் மரப்பலகை, பல கை என்றும் பிரியும். அந்தமான் தீவு, அந்த மான். தாமரைப் பூ, தாவுகின்ற மரை, அதாவது மான். புலவர்கள் இதைச் சிலேடை ஆக்கிக் கைதட்டல் வாங்கினார்கள். மொழியின் ஒலி ஓட்டத்தில் எல்லை தானாக அமைவதில்லை, கேட்பவர்தான் போடுகிறார் என்று நம் இலக்கணக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி நாரங்கத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்ற கேள்வி. வடமொழிச் சொல்லே ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்று பல அகராதிகள் கருதுகின்றன. தமிழில் நாரத்தை இருக்கிறது. மலையாளத்தில் நாரங்ங என்றால் எலுமிச்சை. மாங்காய் அங்கே மாங்ங, தேங்காய் தேங்ங ஆவதைப் பார்த்தால், நாரங்ங என்பதன் வாலில் ஒரு ‘காய்’ இருப்பது தெரியும். சங்க இலக்கியத்தில் நரந்தம் வருகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டில், ‘நரந்தம் நாறும் தன் கையால்’ புலால் வாடை வீசும் என் தலையை அவன் தடவிக்கொடுப்பானே என்று அழுகிறார். அந்த நரந்தத்தை நாரத்தம்பூ என்றும், மணமுள்ள ஒரு புல் என்றும் பொருள் சொல்கிறார்கள். நாறும் என்றால் அன்று மணக்கும் என்று பொருள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘போயிருக்க வேண்டும்’, ‘கருதுகின்றன’ என்ற சொற்களை நான் வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் ஒலி ஒத்த தமிழ்ச் சொல்லை வைத்து, ‘எல்லாம் நம்மிடமிருந்து போனது’ என்று வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் வருகின்றன. ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழியான இம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலும் டாக். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இம்பாபரச் சொல், ‘குடாக’ என்ற பழைய ஆஸ்திரேலியச் சொல்லிலிருந்து முறையான ஒலிமாற்றங்கள் வழியாக வந்தது. முறையான மாற்றம், ஆண்டு தெரிந்த ஆவணம், பொருள் பொருந்தும் பாதை, இந்த மூன்றும் வேண்டும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போனதற்கு அவை இருக்கின்றன. உறுதியானதை உறுதியாகச் சொன்னால் போதும், தமிழுக்கு அதுவே பெருமை. பொய்ப் பட்டியல்கள் மெய்யானதையும் சந்தேகப்பட வைக்கின்றன.

தமிழ்க் குழந்தைகள் சொல்லை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஆராய நம்மிடம் இன்னும் நிறைய ஆய்வுக்கூடங்கள் வேண்டும். ஒரே வினைச்சொல்லைப் பல வடிவங்களில் கேட்டு வளரும் குழந்தைகள் இவர்கள். ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தையின் கணக்கும் இவர்கள் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது. மொழி வளர்ச்சிக்கு என்று ஒதுக்குகிற பணத்தில் விழா மேடைக்குப் போவதில் ஒரு பங்கு, தூளிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து உட்காரும் ஆய்வு மாணவருக்குப் போக வேண்டும். கைபேசி நம் பேச்சைத் தமிழில் சரியாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் இதே கேள்விதான் எதிரில் நிற்கிறது. அதுவும் சொல்லின் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பழத்தின் கதையில் ஒரு துண்டு பாக்கி. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்குப் பரவலாக வந்தது 15, 16ஆம் நூற்றாண்டுகளில், போர்ச்சுக்கீசிய வணிகர்களுக்கு அதில் பெரும் பங்கு. அதனால் அரபியில் கசப்பு வகை பழையபடி நாரஞ்ஜ், இனிப்பு வகை புர்துகால். நாட்டின் பெயரே பழத்துக்கு வந்துவிட்டது. கிரேக்கத்திலும் துருக்கியிலும் அப்படியே. டச்சுக்காரர்கள் சீனத்து ஆப்பிள் என்கிறார்கள். அவர்களுடைய கால்பந்து அணியின் ஆரஞ்சுச் சட்டை பழத்திலிருந்து வந்ததில்லை, ஆரஞ்ச் என்ற அரச குடும்பத்திலிருந்து வந்தது. அந்தக் குடும்பப் பெயர் தெற்கு பிரான்சில் உள்ள ஓர் ஊரின் பெயர். ரோமானியர் காலத்தில் அது அரவுசியோ. பழத்தின் பெயரோடு ஒலி ஒத்துப்போய்ப் பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்று ஒரு பக்கம் ஆரஞ்சு, இன்னொரு பக்கம் ஊறுகாய் ஜாடியில் நாரத்தங்காய். சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே கல்லுப்பு அடைத்து, வெயிலில் காயவைத்துத் தோல் கறுத்துப்போன நாரத்தங்காய். தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அந்தக் கசப்புக்கும் தட்டில் உரித்து வைத்த இனிப்புச் சுளைக்கும் பெயரில் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. ஒன்று ‘ந’வோடு வீட்டிலேயே இருந்தது, மற்றது ‘ந’வை இத்தாலியிலும் பிரான்சிலும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

கேள்வி கேட்ட சிறுமிக்கு ஒரு வேலை தருகிறேன். “அம்மா நாரத்தங்காய் நறுக்குறா” என்று வழக்கமான வேகத்தில் பேசிப் பதிவு செய்து, ஒலிக்கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார். மூன்று சொற்கள். கோடு இரண்டு இடத்தில் நன்றாகத் தட்டையாகும். அந்த இரண்டும் எந்த எழுத்துகள் என்று கண்டுபிடித்து, அம்மாவிடம் சொல்லி எனக்கு எழுது.